நம்புத்தாய் மூச்சு விட்ட எட்டு நாட்கள்

ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் நடந்த கதையாக இருந்தால் ராஜா மந்திரி என்று ஆரம்பித்திருப்பேன். இது எங்கள் சிப்பிவலசைக் கடலில், கரையிலிருந்து முக்கால் மணி நேர வள்ளத் தூரத்தில், நெரிஞ்சித்தீவுக்குத் தெற்கே ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழத் தண்ணீரில் நடந்தது. ராஜாவுக்குப் பதிலாக எங்களுக்கு வாய்த்தது தீவுக் காப்பு அலுவலகம், மந்திரிக்குப் பதிலாக அதன் அலுவலர் சுகுமாறன். கதையில் வருகிற ராஜாவாவது தப்புச் செய்தால் கடைசியில் உட்கார்ந்து அழுவான்.

அந்த மாசி மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. தீவுகளைச் சுற்றியுள்ள தண்ணீருக்குள் தலையை முக்குகிற எவரும் முறைப்படி முக்குளிப்புப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, படம் ஒட்டிய அட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், ஒரு வள்ளத்தில் எட்டுப் பெண்கள் போனால் எட்டுப் பேரும் தேறினால்தான் அந்த வள்ளத்துக்கு அனுமதி என்றும், ஒருத்தி தவறினாலும் வள்ளம் கரையில்தான் கிடக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் வள்ளத்தில் நாங்கள் எட்டுப் பேர். எட்டு ஒன்பது வயதில் கடலில் இறங்கி, விரலில் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி நகம் தேய்ந்தவர்கள். பாசி மறுபடி முளைக்க வேண்டுமே என்று வளர்பிறையில் ஆறு நாள், தேய்பிறையில் ஆறு நாள் மட்டும் போவதென்று, எந்த அலுவலகமும் சொல்லாமல், நாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். எங்களுக்குத்தான் கடலுக்குள் எப்படி இறங்குவது என்று நாலு நாள் வகுப்பு. மீன்களுக்கும் வகுப்பு உண்டா என்று பூமயில் கேட்டாள். பூமயில் எனக்குத் தங்கச்சி முறை. வாய் அடங்காதவள், ஆனால் கரையில் மட்டும்.

கரையில் மட்டும் என்றேனே, அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தில் ஏறிவிட்டால் கோபப் பேச்சு ஆகாது. சண்டை ஏறிய வள்ளம் முங்கும் என்பார்கள். எந்தக் காலத்திலோ இரண்டு பெண்கள் வள்ளத்தில் வைத்துத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கவிழ்த்துவிட்டார்களாம். அதனால், வள்ளத்தில் யார் மீது கோபம் வந்தாலும் சரி, வீட்டில் வாங்கிய ஏச்சு அங்கே நினைவுக்கு வந்தாலும் சரி, நாக்கு நுனியில் நிற்கிற சொல்லை மூச்சோடு சேர்த்து உள்ளே இழுத்து, வாயை மூடி, முங்கிவிட வேண்டும். மேலே வரும்போது மூச்சு வெளியே வரும், சொல் உள்ளேயே தங்கிவிடும். கரைக்கு வந்த பிறகு சொல்லலாமே என்று கேட்பீர்கள். கரைக்கு வந்தால் அடுப்பு இருக்கும், பிள்ளைகள் இருக்கும், பாசியைக் காயப் போடுகிற வேலை இருக்கும், விழுங்கியதைக் கக்க யாருக்கு நேரம் இருக்கிறது.

எங்கள் எட்டுப் பேரில் அதிகம் விழுங்கியவள் நம்புத்தாய். நாற்பத்தைந்து வயது. முங்கினால் மூன்று நிமிடம் வரை வரமாட்டாள். யார் என்ன சொன்னாலும் பதில் பேசமாட்டாள். அவளைப் போல நல்ல பொம்பளை உண்டா என்று ஊரே சொல்லும். ஊர் ஒரு பெண்ணை நல்ல பொம்பளை என்று சொன்னால், அவள் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

வகுப்பு, பக்கத்துப் பட்டினத்துச் சுற்றுலா விடுதியின் நீச்சல் குளத்தில் தொடங்கியது. முன்வாசல் வழியாக வரக்கூடாது, காலைக் கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாக வாருங்கள் என்று விடுதிக்காரன் சொன்னான். கடலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்களின் காலில் அப்படி என்ன அழுக்கு கண்டானோ. சொல்லிக்கொடுக்க வந்தவன் ஆட்ரின், தூத்துக்குடிக்காரன், இருபத்தாறு வயது. எங்களை அக்கா என்றான், எங்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

"அக்கா, எல்லாப் பாடத்தையும் மறந்தாலும் இந்த ஒண்ண மறக்காதீங்க. சிலிண்டர் மாட்டிட்டுத் தண்ணிக்குள்ள போனா எந்தக் காரணத்துக்கும் மூச்ச அடக்கக் கூடாது. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. அடக்கிட்டு மேல வந்தா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நெஞ்சுக்கூட்டக் கிழிச்சிரும்."

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தையைத் தப்பு என்கிறான். மாலையில் எழுத்துத் தேர்வு வைத்தான். தண்ணீருக்கு அடியில் எப்போது மூச்சை அடக்கலாம் என்பது முதல் கேள்வி, நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டுப் பேரும், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதாமலேயே, 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஆட்ரின் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சிரித்தான். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

இரண்டு நாள் குளத்தில் பழகினோம். ரப்பர் சட்டை கவ்விப் பிடித்தது, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது, துடுப்புச் செருப்பு ஒன்றையொன்று மிதித்தது. மேலே போக வேண்டும் என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும், நன்றாக இருக்கிறேன் என்றால் விரலை வளையமாகக் காட்ட வேண்டும் என்றெல்லாம் படித்தோம். எங்கள் ஏழு பேருக்கும் மெல்ல மெல்ல மூச்சு விடப் பழகியது. நம்புத்தாய்க்கு மட்டும் பழகவில்லை. சிலிண்டரில் இருக்கிற காற்றைக் காட்டுகிற மீட்டர் ஒன்று இடுப்பில் தொங்கும். நிரம்பியிருந்தால் முள் இருநூறில் நிற்கும். நாங்கள் மேலே வரும்போது எங்கள் முள் எழுபது, அறுபது என்று கிடக்கும். அவள் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வருவாள், முள் இருநூறிலேயே நிற்கும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தண்ணீரைக் கண்டதும் அவள் உடம்பு தானாகவே எல்லாவற்றையும் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் கடலில் இறக்கினார்கள். அன்றைக்கு சுகுமாறன் அலுவலகப் படகில் வந்து எங்கள் வள்ளத்தை ஒட்டி நிறுத்தினார். அவர் வைத்திருந்த தாளில் 'காற்றுச் செலவு' என்று ஒரு கட்டம் இருந்தது. நம்புத்தாய் பெயருக்கு நேரே சைபர் போட்டார்.

"காத்தே செலவாகலன்னா தண்ணிக்குள்ள போகலன்னுதான அர்த்தம்?"

"நாங்க ஏழு பேரும் பாத்தோம் சார்," என்றாள் பூமயில்.

"நீங்க பாத்தது எனக்கெதுக்கு? மீட்டர் சொல்லணும். நாளைக்கும் சைபர்னா இந்தம்மா பெயில். வள்ளத்துக்கு அனுமதி கிடையாது."

நம்புத்தாய் வாயைத் திறந்தாள். வள்ளத்தில் இருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. மூச்சை உள்ளே இழுத்து, வாயை மூடிக்கொண்டாள். அது தொண்டையில் இறங்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு நம்புத்தாயும் ஆட்ரினும் இறங்கினார்கள். கீழே நடந்ததை ஆட்ரின் பிறகு சொன்னான். இரண்டு பேரும் மணலில் முழங்கால் போட்டார்கள். அவன் கையை வாயருகே வைத்து முன்னால் நீட்டி, விடுங்க, விடுங்க என்று காட்டினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மணலை அள்ளினாள். அதைக் கீழே விட்டாள். கண்ணை மூடி மூச்சை விட்டாள். விட்டவள் நிறுத்தவில்லை.

வள்ளத்தில் இருந்த நாங்கள் குமிழி வருவதைப் பார்த்தோம். முதல் குமிழி தேங்காய் அளவு இருந்தது. தண்ணீருக்கு மேலே வந்து, வள்ளத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஆடி நின்று, உடைந்தது. உடைந்தபோது நம்புத்தாயின் குரல், முந்தைய நாள் விழுங்கிய அதே சூட்டோடு, சொன்னது:

"மீட்டரு பொய் சொல்லாது, நாங்க எட்டுப் பேரும் பொய் சொல்லுவோமா?"

நாங்கள் திடுக்கிடவில்லை. விழுங்கியது ஒருநாள் வெளியே வரத்தானே செய்யும். அடுத்த குமிழி விடுதிக்காரனுக்கு: "என் காலு அழுக்குன்னா இந்தக் குளத்துத் தண்ணிய என்னன்னு சொல்லுவ?" அதற்கடுத்தது போன மாதம் ரேஷன் கடையில் வரிசை தாண்டியவளுக்கு. கடைசியாக விழுங்கியது முதலிலும் அதற்கு முன்னே விழுங்கியது அடுத்ததாகவும், பின்னோக்கிப் பின்னோக்கி, சொற்கள் மேலே வந்தன. பதினொரு மணிக்கு ஆட்ரின் மட்டும் மேலே வந்தான். நம்புத்தாய் நன்றாக இருக்கிறாள், விரலை வளையமாகக் காட்டுகிறாள், மேலே வா என்றால் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள், மீட்டர் முள் இருநூறில் நிற்கிறது என்றான். இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறது போல, முடிந்ததும் வருவாள் என்று நாங்கள் கரைக்குத் திரும்பினோம்.

அவள் புருஷன் பூமிநாதனிடம் போய்ச் சொன்னோம். நூல் கோர்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, அப்ப சோறு யாரு வடிக்கிறது என்று கேட்டார். அடுத்த நாள் காலை வள்ளத்தில் வந்து குமிழிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார். நாலு வருடத்துக்கு முந்தையது ஒன்று அவருக்கு வந்தது: "நானும் கடலுக்குத்தான போயிட்டு வந்தேன்? கையில இருக்கிற உப்பக் கழுவ விடாம, சோறு எங்கங்குறீயே." பூமிநாதன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவரே உலை வைத்தார். குழைந்துவிட்டது என்று கேள்வி.

இரண்டு நாளில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. டீக்கடை கரைக்கு இடம் மாறியது. வள்ளம் வைத்திருந்தவர்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் குமிழி கேட்டு வந்தார்கள். செல்போனில் பிடிக்கப் பார்த்தவர்களுக்கு வெறும் 'ப்ளப்' என்ற சத்தம்தான் பதிந்தது, அதனால் நேரில் போனவர்கள் வந்து நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. மத்தியானக் கடல்காற்றில் சில குமிழிகள் உடையாமல் கரைவரை உருண்டு வந்தன. ஒன்று பள்ளிக்கூடச் சன்னலில் மோதி உடைந்தது: "பாசி நாத்தம் அடிக்குதுன்னு எம் மகளக் கடைசி பெஞ்சுல போட்டீங்களே டீச்சர், அந்தப் பாசிக் காசுலதான அவ நோட்டு வாங்குனா?" அந்த டீச்சர் மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று கடலைப் பார்த்து ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, கீழே இருந்தவளுக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை.

யாரோ கணக்குப் போட்டு, நாளொன்றுக்கு இரண்டு வருடம் வெளியே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் ஊரில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று தெரிந்தது. தினக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்து, தன்னுடைய வருடம் எந்த நாளில் வரும் என்று தெரிந்துகொண்டவர்கள், அன்றைக்கு மட்டும் மாமியார் வீட்டுக்கும் மருதமலைக்கும் கிளம்பினார்கள். எடைக்கல்லை ஒளித்த பாசி வியாபாரி, குமிழி தொடங்கிய மூன்றாம் நாள் இல்லை. கோவில் வரியில் அவள் பெயரை விட்டவர் ஐந்தாம் நாள் இல்லை. ஊர் பாதி காலியாக இருந்தும், குமிழிகள் ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் வந்து உடைந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆட்ரின் காலையும் மாலையும் இறங்கிப் பார்த்து வந்தான். அவள் சும்மா இருக்கவில்லையாம், பாசி பிடுங்கிப் பையை நிரப்பி அவனிடமே கொடுத்து அனுப்பினாள். முள் இருநூறு.

ஆறாம் நாள் சுகுமாறன் எங்களைத் தேடி வந்தார். அதற்கு முன்பு அவர் செய்யாதது இல்லை. அனுமதியில்லாத ஒலி என்று நோட்டீஸ் எழுதிக் கடலில் மிதவை கட்டி ஒட்டினார். படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் குமிழிகளை உடைக்கச் சொன்னார். உடைத்த இடத்திலெல்லாம் அவை பேசின. இப்போது எங்கள் ஏழு பேரையும் வலைக் கூடத்துக்குள் கூப்பிட்டு, மரியாதையாக, உட்காருங்கம்மா என்றார்.

"எட்டு அட்டையும் ரெடி. கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தம்மாவ மேல வரச் சொல்லுங்க. எட்டாம் நாளைக்குப் போக வேணாம். அவ்வளவுதான்."

ஏன் எட்டாம் நாள் வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதுவரை நான் இதைச் சொல்லாமல் வந்ததற்கு வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

பதினாறு வருடத்துக்கு முன்னால் சுகுமாறன் அதே அலுவலகத்தில் சாதாரணக் காவலர். ஒருநாள் உச்சி வெயிலில், பாசி எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் வள்ளத்தை மறித்து, தாவி ஏறினார். பையைக் கொட்டச் சொன்னார், கொட்டினோம். எடுக்கக் கூடாத பவளத்தைச் சட்டைக்குள்ளே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நம்புத்தாயைக் காட்டினார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. சுகுமாறன் அவள் சட்டையில் கை வைத்தார். மேல் பொத்தான் தெறித்துக் கடலில் விழுந்தது. அவர் தேடினார். அவசரமில்லாமல் தேடினார். நாங்கள் ஏழு பேர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தோம். வள்ளத்தில் கோபப் பேச்சு ஆகாது. ஏழு பேரும் மூச்சை இழுத்தோம், விழுங்கினோம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரைக்கு வந்தோம், உலை வைத்தோம். அவள் சட்டைக்கு வேறு பொத்தான் தைத்துக்கொண்டாள். அதைப் பற்றி அன்று முதல் அந்த ஆறாம் நாள் வரை எட்டுப் பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சுகுமாறன் போன பிறகு, அட்டை கிடைக்கிறதே, வள்ளம் போகுமே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். வயிற்றுப்பாட்டைச் சொல்வது போலச் சொன்னேன். எட்டாம் நாள் குமிழியில் அவரைப் பற்றி மட்டும்தான் வருமா, எங்களைப் பற்றியும் வருமா என்ற பயத்தில்தான் சொன்னேன். மற்றவர்களும் அதே பயத்தில்தான் தலையாட்டினார்கள்.

ஏழாம் நாள் காலையில் பூமயில் சிலிண்டர் மாட்டி, தண்ணீருக்குள் எழுதுகிற சிலேட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். 'மதினி, கார்டு தாறாங்களாம். இன்னைக்கு மேல வந்துரு' என்று எழுதிக் காட்டினாள். நம்புத்தாய் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். வெகுநேரம் எழுத்துக் கூட்டி வாசித்தாளாம். பிறகு பென்சிலை வாங்கி, கோணல் எழுத்தில் கீழே எழுதினாள். பூமயில் சிலேட்டை மேலே கொண்டுவந்து எங்களிடம் காட்டினாள்.

'மூச்ச அடக்குனா பெயிலு. மொத பாடம்.'

ஆட்ரின் அதை இரண்டு முறை வாசித்தான். "சரியாத்தான எழுதியிருக்காங்க," என்றான். சுகுமாறனிடம் அவனே போய், சார், உங்க தாள்லயும் அப்படித்தான் போட்டிருக்கு, நடுவுல நிறுத்தச் சொன்னா விதிப்படி நான் அவங்கள பெயில் போடணும் என்றான். சுகுமாறன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்.

எட்டாம் நாள் உச்சிப் பொழுதுக்கு ஊரே கடலில் இருந்தது. மாமியார் வீட்டுக்குப் போனவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள், இந்த நாள் வேறு யாருடையதோ என்ற நிம்மதியில். சுகுமாறனும் வந்திருந்தார். வராவிட்டால் அவர்தான் என்று ஆகிவிடும், வந்தால் அவரில்லை என்று சாதிக்கலாம் என்று நினைத்திருப்பார். அலுவலகப் படகில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்.

குமிழி குடத்தளவு வந்தது. உடைந்தது. நம்புத்தாயின் இருபத்தொன்பது வயதுக் குரல்:

"சுகுமாறா, கைய எடு. சட்டைக்குள்ள பவளம் இல்ல. நான்தான் இருக்கேன்."

எல்லாத் தலையும் அலுவலகப் படகு பக்கம் திரும்பியது. "பொய்," என்றார் சுகுமாறன். "சாட்சி யாரு இருக்கா?"

அவர் கேட்டு முடிக்கவில்லை, அடுத்த குமிழி வந்தது. அது எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்திலேயே வந்தது, வள்ளத்தில் பாதி இருந்தது, உடைய நேரம் எடுத்துக்கொண்டது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஏழு பேரு இருக்கீங்களேடி. ஒருத்திக்குக் கூடவா வாயில்ல?"

பதினாறு வருடம் அதை எங்களோடு ஒரே வள்ளத்தில் சுமந்து வந்திருக்கிறாள். எங்கள் பிள்ளைகளுக்குப் பேர் வைத்திருக்கிறாள், என் பிரசவத்தில் என் காலைப் பிடித்திருக்கிறாள், சேர்ந்து கஞ்சி குடித்திருக்கிறாள், அது உள்ளே கிடந்திருக்கிறது. எனக்கு சுகுமாறன் மீது வந்த கோபத்தைவிட என் மீது வந்த கோபம் பெரிதாக இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பூமயில் எழுந்தாள். சிலிண்டரை மாட்டினாள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்ரின் ஒவ்வொருத்தியின் வாரையும் இழுத்துக் கட்டிவிட்டான். ஏழு பேரும் இறங்கினோம்.

ஐந்து பாகத்துக்குக் கீழே நம்புத்தாய் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் பாசிப் பை. எங்களைப் பார்த்தாள். ஓகேயா என்று விரல் காட்டவில்லை. நாங்கள் அவளைச் சுற்றி முழங்கால் போட்டோம். எங்களுக்குப் பதினாறு வருடத்தை வரிசையாக விட்டுக்கொண்டு வர நேரமில்லை, கடுகு டப்பாவின் அடியில் போட்டு வைத்த காசைத் துழாவி எடுப்பதுபோல அந்த ஒன்றைத் துழாவினோம். அது எங்கே கிடக்கிறது என்று எங்களுக்கு எப்போதும் தெரியும். எட்டியது. விட்டோம். ஏழு குமிழி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மேலே போயின.

நாங்கள் வள்ளத்தில் ஏறியதும் மேலே இருந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கும் நம்புத்தாய்க்கும் தெரியும். ஏழும் அலுவலகப் படகைச் சுற்றி வந்து நின்றனவாம். ஒவ்வொன்றாக உடைந்தனவாம். ஆறு குரல் ஒரே சொல்லைச் சொன்னதாம்: "அவ சட்டையத் தொடாதடா." பூமயிலுடையதில் அதற்குப் பின்னால் அவர் பரம்பரையைப் பற்றியும் கொஞ்சம் இருந்ததாம். ஏழாவது என்னுடையது. அது சின்னது, நெல்லிக்காய் அளவு. "வேணாம் சார், விட்ருங்க சார்" என்று சொன்னதாம். அன்றைக்கு நான் விழுங்கியது அவ்வளவுதான். அதைக்கூடச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன்.

அதன் பிறகு நம்புத்தாயின் வாயிலிருந்து வந்தது வெறும் காற்று. அவள் கட்டைவிரலைத் தூக்கி மேலே காட்டினாள். எட்டுப் பேரும், இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பாடத்தில் சொன்ன வேகத்தில் மேலே வந்தோம்.

அலுவலகப் படகு போய்விட்டிருந்தது. பிறகு சுகுமாறனை வேறொரு கடற்கரைக்கு மாற்றினார்கள், அதைத்தான் நடவடிக்கை என்கிறார்கள். அந்தக் கடற்கரையிலும் பெண்கள் இருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள்தான் அங்கே ஆள் அனுப்பிச் சொல்லி வைத்தோம்.

ஆட்ரின் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, சுகுமாறன் அவனிடம் கொடுத்திருந்த தேர்வுத் தாளை எடுத்தான். நம்புத்தாயின் மீட்டரைப் பார்த்தான், முள் இருநூறு. மூச்சை அடக்கினாரா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினான். காற்றுச் செலவு என்ற கட்டத்தில் சைபரை அடித்துவிட்டு, பதினாறு வருடம் என்று எழுதி, தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டான். எட்டு அட்டையும் அந்த வாரமே வந்தன. படத்தில் எட்டுப் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும், அது கேமராக்காரன் செய்த வேலை.

வள்ளம் கரைக்குத் திரும்பியது. நம்புத்தாய் நடுப்பலகையில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நாங்கள் தலையைக் குனிந்தோம்.

"இன்னும் இருபது வருசம் மிச்சம் கெடக்குடி," என்றாள். "அதையும் தண்ணிக்குள்ள உக்காந்து விட்டுக்கிட்டு இருப்பேன்னு நெனைக்காதீய. மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன்."

"மதினி," என்றாள் பூமயில் மெல்ல, "வள்ளத்துல இருக்கோம்."

"இருந்தா என்ன?" நம்புத்தாய் எழுந்து நின்றாள். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது, நாங்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டோம். அவள் என் பக்கம் திரும்பினாள். "சாராம்ல சாரு. எவடி அது, என் சட்டையக் கிழிச்சவனுக்கு சார் போட்டவ?"

"நான்தான்," என்றேன்.

அங்கே ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் ஓயவில்லை. என்னை ஏசினாள், பூமயிலை ஏசினாள், ஒருத்தி விடாமல் ஏசினாள். நாங்கள் பதில் ஏசினோம், அழுதோம், நடுவில் யாரோ சிரித்துவிட்டு அதற்கும் ஏச்சு வாங்கினார்கள். கரையில் நின்றவர்களுக்கு எங்கள் சத்தம் வள்ளத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்ததாம். எட்டுப் பேரையும் எட்டுப் பேருடைய கோபத்தையும் ஏற்றிக்கொண்டு வள்ளம் நேராக வந்து மணலில் முட்டி நின்றது. முங்கவில்லை.